1,412 குழாய்களை மூடிப் பார்த்த ஸ்கிரிப்ட்: இபாநெட் தானியக்கத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

பட்டியலைத் திரையில் போட்டுக் காட்டியபோது, வால்வு இயக்கும் மூத்த பணியாளர் ஒருவர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒரு குடிநீர் வலையமைப்பில் எந்தக் குழாய் உடைந்தால் பாதிப்பு அதிகம் என்று தரவரிசைப்படுத்திய பட்டியல் அது. முதல் 20 இடங்களை நான் விளக்கி முடித்ததும் அவர் கேட்டார்.

"சார், மேட்டுத் தொட்டியிலேர்ந்து இறங்குற அந்தப் பெரிய குழாய் இதுல எங்க இருக்கு?"

தேடிப் பார்த்தேன். "903-வது இடத்துல இருக்குண்ணே."

"அதை மூடினா மேட்டுப் பக்கம் மொத்தமும் காஞ்சிடுமே சார். ரெண்டு தடவை மூடியிருக்கேன். ரெண்டு தடவையும் சாயங்காலம் வரைக்கும் ஒரு சொட்டு ஏறல."

அன்றைய கூட்டம் அந்த இடத்திலேயே முடிந்தது. அவர் கையால் மூடிப் பார்த்தவர். நான் 1,412 குழாய்களையும் கணினியில் மூடிப் பார்த்திருந்தேன், ஒரு பிழைச் செய்தியும் வரவில்லை. இரண்டில் ஒன்றுதான் சரியாக இருக்க முடியும். தவறு என் ஸ்கிரிப்டில்தான் இருந்தது, அதுவும் ஒன்றல்ல. அவற்றைக் கண்டுபிடித்த வழியை இங்கே விரிவாக எழுதுகிறேன். குடிநீர் வலையமைப்பின் கணினி மாதிரிகளை (மாடல்) ஸ்கிரிப்ட் மூலம், அதாவது சிறு நிரல் எழுதி, ஓட்டத் தொடங்கும் எவரும் இதே இடங்களில் தடுக்கி விழ நிறைய வாய்ப்பு இருக்கிறது.

எதற்காகத் தானியக்கம்

நாங்கள் பயன்படுத்தியது இபாநெட். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1993-இல் வெளியிட்ட மென்பொருள். லூயிஸ் ராஸ்மன் உருவாக்கியது. அழுத்தக் குழாய் வலையமைப்பில் ஓட்டம், அழுத்தம், தொட்டி மட்டம், நீரின் தரம் ஆகியவற்றை நேரத்தோடு சேர்த்துக் கணக்கிடும். இலவசம், மூலநிரலும் திறந்தது. விலை கொடுத்து வாங்கும் பல குடிநீர் மாதிரி மென்பொருள்களுக்குள்ளும் இதன் கணக்கிடும் நிரல்தான் ஓடுகிறது.

கேள்வி எளிமையானது: ஒரு குழாயை மூடினால், 24 மணி நேரத்தில் எத்தனை இடங்களில் தண்ணீர் குறையும், எவ்வளவு குறையும்? இதை ஒவ்வொரு குழாய்க்கும் கேட்க வேண்டும். எங்கள் மாதிரியில் 1,412 குழாய்கள். திரையில் ஒரு குழாயைத் தேடி, அதன் ஆரம்ப நிலையை 'மூடியது' என்று மாற்றி, ஓட்டி, அட்டவணையைப் பார்த்து, எண்களை விரிதாளில் குறித்து, குழாயைத் திரும்பத் திறக்க ஒரு பழகிய கைக்கு நான்கு நிமிடம் ஆகும். மொத்தம் 5,648 நிமிடம், அதாவது 94 மணி நேரம். ஏறக்குறைய 12 முழு வேலை நாள்கள். அதற்குள் யாராவது மாதிரியில் ஒரு தொட்டியின் உயரத்தைத் திருத்தினால் மறுபடியும் முதலிலிருந்து.

முன்பு இதைச் செய்தவர்கள் அதனால் அனுபவத்தை வைத்து 40 குழாய்களை மட்டும் தேர்ந்தெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அது மோசமான முறை இல்லை. ஆனால் யாரும் சந்தேகப்படாத குழாய் ஒன்று முக்கியமானதாக இருந்தால், அந்த முறையில் அது வெளியே வரவே வராது.

இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மாதிரியின் உள்ளீட்டுக் கோப்பை ஸ்கிரிப்டால் திருத்தித் திருத்தி, கட்டளை வரியில் இபாநெட்டை ஓட்டி, அறிக்கைக் கோப்பைப் படிப்பது. உள்ளீட்டுக் கோப்பு வெறும் உரைக் கோப்புதான், ஆகவே இது நடக்கக்கூடியதே. இன்னொன்று, இபாநெட்டோடு வரும் டூல்கிட். கணக்கிடும் நிரல் முழுவதும், வேறு நிரல்கள் அழைக்கக்கூடிய ஒரு டிஎல்எல் நூலகமாகக் கிடைக்கும். பைத்தான், மேட்லாப், விபிஏ போன்ற நிரல்மொழிகளிலிருந்து அதன் செயற்கூறுகளை (ஃபங்ஷன்களை) அழைக்கலாம். ஒரு முறை மாதிரியைத் திறந்து நினைவகத்தில் வைத்துக்கொண்டு, ஒரு குழாயின் பண்பை மாற்றி, ஓட்டி, விடையை நேராகக் கேட்டு வாங்கலாம். நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். பைத்தானிலிருந்து டிஎல்எல்லை நேரடியாக அழைத்தோம்.

ஒரு நாள் ஓட்டத்துக்கு வேண்டிய அழைப்புகள் குறைவுதான். கோப்பைத் திற. நீரியல் கணக்கைத் தயார் செய்ய 'இனிட்-எச்'. ஒரு நேரப்புள்ளிக்குத் தீர்வு காண 'ரன்-எச்'. அடுத்த நேரப்புள்ளிக்கு நகர 'நெக்ஸ்ட்-எச்'. கடைசி இரண்டையும் நாள் முடியும்வரை சுற்றவிட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிக்கும் 'சால்வ்-எச்' என்ற அழைப்பும் உண்டு. ஆனால் அதில் இடைப்பட்ட மணி நேரங்களின் அழுத்தத்தை ஓடும்போதே கேட்டு வாங்க முடியாது.

சரி, ஸ்கிரிப்ட் எழுதியாயிற்று. 1,412 ஓட்டங்களும் பத்து நிமிடத்துக்குள் முடிந்தன. 12 நாள் வேலை ஒரு தேநீர் இடைவேளைக்குள். அந்த வேகத்தைப் பார்த்த மகிழ்ச்சியில்தான் பட்டியலைச் சரிபார்க்காமல் கூட்டத்துக்கு எடுத்துப் போனேன்.

தலைகீழாக ஓட்டிப் பார்த்தது

மேட்டுத் தொட்டிக் குழாயைத் திரையில் கையால் மூடி ஓட்டினேன். மேட்டுப் பகுதி முழுக்க எதிர்மறை அழுத்தம், அதாவது அங்கே தண்ணீர் ஏறாது. அவர் சொன்னது சரி. அப்புறம் ஸ்கிரிப்டில் அந்த ஒரு குழாயை மட்டும் மூடி ஓட்டினேன். அதிலும் எதிர்மறை அழுத்தம்! தனியாக ஓட்டினால் சரியான விடை, 1,412 பேரோடு வரிசையில் ஓட்டினால் தவறான விடை.

அப்படியென்றால் முந்தைய ஓட்டங்களில் ஏதோ ஒன்று மிஞ்சி அடுத்த ஓட்டத்துக்குள் வருகிறது. அதைச் சோதிக்க வரிசையைத் தலைகீழாக்கி, கடைசிக் குழாயிலிருந்து முதல் குழாய் நோக்கி ஓட்டினேன். ஒவ்வொரு ஓட்டமும் தனித்தனியானது என்றால் வரிசை மாறினாலும் விடை மாறக் கூடாது. நூற்றுக்கணக்கான குழாய்களுக்கு மாறியது.

காரணம் ஒரே ஒரு வரி. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் குழாயை 'திறந்தது' என்று மாற்றினேன். மூடியதைத் திறப்பதுதானே என்று தோன்றும். ஆனால் மாதிரியில் 23 குழாய்கள் இயல்பிலேயே மூடியவை. இரண்டு அழுத்த மண்டலங்களுக்கு நடுவில் எல்லையாக, வால்வு சாத்தியே வைத்திருக்கும் குழாய்கள். என் ஸ்கிரிப்ட் அவற்றின் முறை வந்தபோது, ஏற்கெனவே மூடியிருந்ததை 'மூடி'விட்டு, முடிவில் திறந்துவிட்டது. திறந்தது திறந்தபடியே நின்றது. சுற்று ஓட ஓட மண்டல எல்லைகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போயின.

மேட்டுப் பகுதி பின்னால் அளந்து சேர்த்த பகுதி. அதனால் அதன் குழாய்கள் வரிசையின் கடைசியில் இருந்தன. அவற்றின் முறை வந்தபோது எல்லைகள் எல்லாம் திறந்து கிடந்தன. பக்கத்து மண்டலத்தின் தொட்டி இன்னும் உயரத்தில் இருந்ததால், அங்கிருந்து தண்ணீர் தாராளமாகப் பாய்ந்து வந்து மேட்டை நனைத்தது. 903-வது இடம் வந்த கதை இதுதான்.

திருத்தம் எளிது. மாற்றுவதற்கு முன் பழைய நிலையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், முடிவில் அதையே திருப்பி வைக்க வேண்டும். நடுவில் பிழை வந்து சுற்று முறிந்தாலும் திருப்பி வைக்கும் வரி ஓடியே தீர வேண்டும். பைத்தானில் 'ஃபைனலி' என்ற பகுதி இதற்கென்றே இருக்கிறது.

இதைத் திருத்தியும் இரு வரிசைகளின் விடைகளும் அச்சாக ஒன்றவில்லை. மூன்றாவது தசமத்தில் சின்னச் சின்ன வேறுபாடுகள். இது ஆபத்தானது இல்லை, ஆனால் காரணம் தெரியாமல் விட மனம் வரவில்லை. 'இனிட்-எச்' அழைப்போடு ஒரு குறியீடு அனுப்ப வேண்டும். பழைய ஓட்டத்தின் நீரோட்ட எண்களைத் துடைத்துவிட்டுத் தொடங்கவா, அவற்றையே முதல் ஊகமாக வைத்துக்கொண்டு தொடங்கவா என்று அது சொல்லும். நான் துடைக்காத வகையைக் கொடுத்திருந்தேன். இபாநெட் திரும்பத் திரும்பத் திருத்தி விடையை நெருங்கும் முறையில் கணக்கிடுகிறது. வேறு புள்ளியிலிருந்து தொடங்கினால், அனுமதித்த துல்லிய எல்லைக்குள் சற்றே வேறு இடத்தில் நிற்கும். துடைக்கும் வகைக்கு மாற்றியதும் இரண்டு பட்டியல்களும் கடைசி இலக்கம் வரை ஒன்றின.

இந்தத் தலைகீழ்ச் சோதனையை இப்போது எந்தத் தொடர் ஓட்டத்துக்கும் முதலில் செய்கிறேன். எழுத ஒரு வரி போதும். அது பிடிக்கும் பிழைகளை வேறு எந்தச் சோதனையும் இவ்வளவு மலிவாகப் பிடிப்பதில்லை.

கேட்காமல் விட்ட எண்கள்

திரையில் வேலை செய்யும்போது நாம் இரண்டு வேலைகள் செய்கிறோம். ஒன்று கையின் வேலை: தேடுவது, மாற்றுவது, ஓட்டுவது. இன்னொன்று கண்ணின் வேலை. ஓட்டம் முடிந்ததும் இபாநெட் எச்சரிக்கை இருந்தால் சொல்கிறது, நிலை அறிக்கையைத் திறந்து காட்டுகிறது. வரைபடத்தில் ஒரு பகுதி திடீரென்று நிறம் மாறுகிறது. குழாயில் ஓட்டம் பூஜ்யமாகிவிட்டதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்கிறோம். இதையெல்லாம் வேலை என்று நாம் எண்ணுவதே இல்லை. ஸ்கிரிப்ட் எழுதும்போது கையின் வேலையை மட்டும் எழுதிவிட்டு, கண்ணின் வேலையை விட்டுவிட்டேன்.

டூல்கிட்டின் ஒவ்வொரு அழைப்பும் ஓர் எண்ணைத் திருப்பித் தருகிறது. 0 என்றால் சரி. 1 முதல் 6 வரை எச்சரிக்கைகள். 100-க்கு மேல் பிழைகள். டிஎல்எல்லை நேரடியாக அழைத்தால் எண் மட்டும்தான் வரும், நிரல் நிற்காது, சிவப்பு எழுத்தில் எதுவும் வராது. கேட்காவிட்டால் அந்த எண் காற்றோடு போய்விடும். என் முதல் ஸ்கிரிப்டில் ஓர் இடத்திலும் அதைக் கேட்கவில்லை. அதையும் கண்ணின் மற்ற வேலைகளையும் ஸ்கிரிப்டில் சேர்த்ததும் வெளியே வந்தவை மூன்று.

முதலாவது, 207. ஒருவழி வால்வு கொண்ட குழாய்களின் நிலையை மாற்ற முயன்றால் வரும் பிழை எண். இபாநெட்டில் ஒருவழி வால்வு என்பது தனிப் பொருள் இல்லை, குழாயின் ஒரு வகை. அதை நாமாக மூட முடியாது, ஓட்டத்தின் திசையைப் பார்த்து இபாநெட்டே முடிவு செய்யும். எங்கள் மாதிரியில் அப்படி ஆறு குழாய்கள். ஸ்கிரிப்ட் அவற்றை மூடச் சொன்னது, இபாநெட் மறுத்து 207 சொன்னது, ஸ்கிரிப்ட் காதில் வாங்காமல் ஓட்டியது. எதுவும் மூடாத நாளின் விடை வந்தது. பாதிப்பு பூஜ்யம். ஆகவே ஆறும் பட்டியலின் அடியில் போய் உட்கார்ந்தன. அவற்றில் மூன்று, பம்ப்பு நிலையத்தின் வெளியேற்றுக் குழாய்கள்! பொதுவாக ஒருவழி வால்வு வைப்பதே அப்படிப்பட்ட முக்கியமான இடங்களில்தான். இந்தக் குழாய்களுக்கு மட்டும் வகையைச் சாதாரணக் குழாயாக மாற்றி, மூடி, முடிந்ததும் பழைய வகைக்குத் திருப்பினோம்.

இரண்டாவது, எச்சரிக்கை எண் 1. குறித்த முயற்சிகளுக்குள் கணக்கு ஒரு விடையில் நிலைகொள்ளவில்லை என்று பொருள். இது வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது மாதிரியின் தெரிவுகளில் இருக்கிறது. 'நிறுத்து' என்றிருந்தால் ஓட்டம் அந்த நேரத்திலேயே முடிந்துவிடும். சில குழாய்களை மூடியபோது காலை 9 மணியளவில் கணக்கு நின்றுபோயிருந்தது. நான் அழுத்தம் குறைந்த இடங்களை நாள் முழுவதுக்கும் எண்ணிக் கூட்டிக்கொண்டிருந்தேன். 9 மணி நேரத்துக் கூட்டலை 24 மணி நேரத்துக் கூட்டலோடு ஒப்பிட்டால், மிக மோசமான குழாய்தான் மிக நல்ல குழாயாகத் தெரியும். இதைப் பிடிக்க, 'நெக்ஸ்ட்-எச்' தரும் நேர இடைவெளிகளை எல்லாம் கூட்டி, 86,400 நொடி வருகிறதா என்று ஒவ்வொரு ஓட்டத்திலும் பார்க்கிறோம். வராத ஓட்டங்கள் தனிப் பட்டியலுக்குப் போகும், தரவரிசைக்குள் வராது.

மூன்றாவதுக்கு எச்சரிக்கை எண்ணே கிடையாது, அதனால்தான் அது மிகவும் வழுக்கியது. இரண்டு குழாய்களுக்கு மாதிரியில் கட்டுப்பாடு எழுதியிருந்தார்கள்: தொட்டி மட்டம் இவ்வளவுக்குக் கீழே போனால் இந்தக் குழாயைத் திற. நான் நாளின் தொடக்கத்தில் குழாயை மூடுகிறேன். தண்ணீர் வராமல் தொட்டி இறங்குகிறது. இறங்கியதும் கட்டுப்பாடு குழாயைத் திறந்துவிடுகிறது. இபாநெட் சொன்னபடிதான் செய்தது. உடைந்த குழாய் தானாகத் திறந்துகொள்ளாது என்பது எனக்குத் தெரியும், அதற்கு எப்படித் தெரியும்?

இதைப் பிடித்தது ஓர் எளிய கேள்வி. மூடிய குழாயில் ஒவ்வொரு நேரப்புள்ளியிலும் ஓட்டம் பூஜ்யமா? பூஜ்யம் இல்லை என்றால் நான் நினைத்த நிகழ்வு நடக்கவே இல்லை. இந்த வரியை முதலிலேயே எழுதியிருந்தால் ஒருவழி வால்வுப் பிழையும் முதல் நாளே வெளிவந்திருக்கும். நான் கேட்டதைக் கணினி செய்ததா என்று விடையிலிருந்தே கேட்கும் வரி இது. என்ன மாற்றினாலும் இதற்கு இணையான ஒரு கேள்வி உண்டு. பம்ப்பை நிறுத்தினால் அதன் வழியே ஓட்டம் இருக்கக் கூடாது. தேவையை இருமடங்காக்கினால் மொத்த வழங்கலும் அதற்கேற்ப உயர வேண்டும்.

வராத தண்ணீரை வந்ததாக எண்ணும் கணக்கு

இதுவரை சொன்னவை ஸ்கிரிப்டின் பிழைகள். இது அணுகுமுறையின் பிழை.

இபாநெட்டின் மரபான கணக்கு, தேவையை முன்கூட்டியே நிச்சயித்துக்கொள்ளும். ஒரு கணுவில் (குழாய்கள் சேரும் புள்ளியில்) நொடிக்கு 2 லிட்டர் தேவை என்று எழுதியிருந்தால், அழுத்தம் எப்படி இருந்தாலும் 2 லிட்டர் எடுக்கப்பட்டே தீரும். அழுத்தம் போதாவிட்டால் எதிர்மறையாகப் போகும். எச்சரிக்கை எண் 6 அதைத்தான் சொல்கிறது. எல்லாக் குழாய்களும் திறந்திருக்கும் நல்ல நாளுக்கு இது போதும். குழாய் உடைந்த நாளுக்குப் போதாது. நிஜத்தில் அழுத்தம் குறைந்தால் மக்களுக்குக் குறைவாகத் தண்ணீர் வரும், மைனஸ் அழுத்தத்தில் முழுத் தண்ணீர் வராது.

இதில் இன்னொரு விபரீதமும் உண்டு. மூடிய குழாயை இபாநெட் வலையமைப்பிலிருந்து நீக்குவதில்லை, மிகப் பெரிய தடை உள்ள குழாயாக வைத்துக்கொள்கிறது. ஒரு தெரு முழுக்கத் துண்டிக்கப்பட்டால், அந்தத் தடை வழியாகத் தேவையை இழுத்துக் கணக்கிட்டு, லட்சக்கணக்கான மீட்டர் எதிர்மறை அழுத்தம் என்று எழுதும் (அழுத்தத்தை நீர் ஏறும் உயரமாக மீட்டரில் சொல்வது வழக்கம்). திரையில் அதைப் பார்த்ததுமே துண்டிப்பு என்று புரிந்துகொள்வோம். சராசரி எடுக்கும் ஸ்கிரிப்டுக்கு அது இன்னோர் எண். துண்டிக்கப்பட்ட ஒரே ஒரு வீடு, பாதி மண்டலம் வறண்டதை விட மோசமானதாகத் தெரிந்துவிடும்.

2020-இல் வந்த இபாநெட் 2.2 பதிப்பில், அழுத்தத்தைப் பொறுத்துத் தேவையைக் குறைக்கும் கணக்கு சேர்ந்தது. அதற்கு இரண்டு அழுத்தங்கள் கொடுக்க வேண்டும். இதற்குக் கீழே தண்ணீரே வராது என்பது ஒன்று, இதற்கு மேலே முழுத் தேவையும் கிடைக்கும் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் ஓர் அடுக்கு வாய்ப்பாடு. இயல்பான அடுக்கு 0.5, அதாவது வர்க்கமூலம். எங்கள் வேலைக்குக் கீழ் எல்லை 0, மேல் எல்லை 15 மீட்டர். ஒரு கணுவில் அழுத்தம் 3.75 மீட்டருக்கு இறங்கினால், அது 15-இல் கால்பங்கு, கால்பங்கின் வர்க்கமூலம் அரை, ஆகவே பாதித் தண்ணீர் வரும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, நான் அதில் ஒரு நாள் சிக்கிக் கிடந்தேன். மேல் எல்லையைக் கொடுக்காமல் கணக்கு வகையை மட்டும் மாற்றினால், இபாநெட் வைத்திருக்கும் இயல்பு மதிப்பு 0.1. அதாவது அழுத்தம் 0.1 மீட்டர் இருந்தாலே முழுத் தண்ணீரும் கிடைத்துவிட்டதாக எண்ணும். புதிய கணக்குக்கு மாறிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம், பற்றாக்குறை மட்டும் நம்பமுடியாத அளவு குறைவாக வரும்.

இந்த மாற்றத்துக்குப் பிறகு தரவரிசைக்கான அளவையும் மாற்றினோம். முன்பு அழுத்தம் குறைந்த கணுக்களின் எண்ணிக்கை. இப்போது அந்த நாளில் கிடைக்காமல் போன தண்ணீரின் கொள்ளளவு, கன மீட்டரில். வால்வுப் பணியாளரிடம் இதைச் சொன்னபோது, "இது சரி சார், ஜனங்க அழுத்தத்தையா கேக்குறாங்க, தண்ணியைத்தானே கேக்குறாங்க" என்றார்.

கொள்ளளவைக் கூட்டும்போது நேர இடைவெளியைப் பெருக்க வேண்டும். இதை மறந்துவிடுவது சுலபம். கணக்கின் நேர இடைவெளி ஒரு மணி என்று கொடுத்திருந்தாலும், தொட்டி நிரம்பும் கணத்திலும் கட்டுப்பாடு செயல்படும் கணத்திலும் இபாநெட் நடுவில் நின்று போகும். ஒரு நாளுக்கு 24 இடைவெளிகள் என்று எண்ணக் கூடாது. சில இடைவெளிகள் 3,600 நொடி, சில 40 நொடி.

சிறியவை, ஆனால் நேரத்தை விழுங்கியவை

டூல்கிட் ஒவ்வொரு பொருளையும் வரிசை எண்ணால் குறிக்கும், எண்கள் 1-இல் தொடங்கும். முதல் மாதம் விடைகளை அந்த எண்ணோடு சேமித்தேன். பிறகு மாதிரியில் நான்கு குழாய்கள் சேர்ந்தன, அதன்பின் வந்த எண்கள் எல்லாம் நகர்ந்தன. இரண்டு மாத விடைகளையும் ஒப்பிட்டபோது எதுவும் பொருந்தவில்லை. இப்போது சேமிப்பது குழாயின் பெயரோடு மட்டுமே. வரிசை எண்ணை ஒவ்வொரு ஓட்டத்தின் தொடக்கத்திலும் பெயரைக் கொண்டு கேட்டு வாங்குகிறோம்.

வேகம் கூட்ட ஒரே நேரத்தில் நான்கு ஓட்டங்கள் என்று முயன்றோம். பழைய டூல்கிட் ஒரு சமயத்தில் ஒரு மாதிரியை மட்டுமே நினைவில் வைத்திருக்கும். 2.2-இல் ஒவ்வொரு மாதிரிக்கும் தனிப் பிடி (ஹேண்டில்) கிடைக்கிறது, அதனால் ஒன்று இன்னொன்றைத் தொடாது. ஆனால் நான்கும் ஒரே பெயரில் அறிக்கைக் கோப்பை எழுதினால் அந்த நன்மை பயனற்றுப் போகும். கோப்புப் பெயரில் ஓட்டத்தின் எண்ணைச் சேர்த்தோம். உண்மையில் பத்து நிமிட வேலைக்கு இந்தச் சிரமம் தேவையே இல்லை என்பது என் கருத்து.

இதே வேலையைச் சரிபார்க்க, டபிள்யூஎன்டிஆர் என்ற பைத்தான் தொகுப்பில் சக பொறியாளர் ஒருவர் தனியாக எழுதிப் பார்த்தார். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் சாண்டியா ஆய்வகமும் சேர்ந்து உருவாக்கியது அது. குழாய் உடைப்பு, நிலநடுக்கம், மின்தடை போன்ற இடர்களை ஆராய்வதற்கென்றே எழுதப்பட்டது, டூல்கிட்டை விடப் பழகுவதற்கு எளிது. அவருடைய முதல் விடை எங்களுடையதில் ஆயிரத்தில் ஒரு பங்காக இருந்தது. அந்தத் தொகுப்பு உள்ளே எல்லாவற்றையும் நொடிக்குக் கன மீட்டரில் வைத்துக்கொள்கிறது, எங்கள் மாதிரி நொடிக்கு லிட்டரில். அலகைத் திருத்தியதும் முதல் 50 இடங்களும் ஒத்துப்போயின. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் டபிள்யூஎன்டிஆரையே சொல்வேன். ஆனால் இரண்டு வெவ்வேறு கைகள், இரண்டு வெவ்வேறு கருவிகளில் எழுதி ஒரே விடை வந்ததுதான் எங்களுக்கு உண்மையான தைரியம் கொடுத்தது.

இன்னொரு பழக்கமும் நிலைத்துவிட்டது. தரவரிசையில் மேலே வரும் 30 குழாய்களுக்கும், விடை சந்தேகமாக இருக்கும் எந்தக் குழாய்க்கும், அந்த மூடிய நிலையிலேயே மாதிரியை ஓர் உள்ளீட்டுக் கோப்பாகச் சேமிக்கிறோம். டூல்கிட்டில் அதற்கு ஓர் அழைப்பு இருக்கிறது. ஸ்கிரிப்ட் எழுதத் தெரியாத எவரும் அந்தக் கோப்பை இபாநெட்டில் திறந்து, ஓட்டி, வரைபடத்தில் தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

குழாயா, துண்டமா

திருத்திய பட்டியலில் மேட்டுத் தொட்டிக் குழாய் 4-ஆம் இடத்துக்கு வந்தது. சேமித்த கோப்பைத் திறந்து அந்த வால்வுப் பணியாளரிடம் காட்டினேன். மேட்டுப் பகுதி சிவப்பாவதை மணி மணியாக ஓடவிட்டுப் பார்த்தார். தலையசைத்தார். அப்புறம் பட்டியலில் 11-ஆம் இடத்தில் இருந்த குழாயைக் காட்டிக் கேட்டார்.

"இதை மட்டும் எப்படி சார் மூடுவீங்க?"

"மாடல்ல மூடினேண்ணே."

"இந்தப் பக்கம் வால்வு இருக்கு. அந்தப் பக்கம் கிடையாது. மூணு தெரு தள்ளித்தான் அடுத்த வால்வு. இது உடைஞ்சா மூணு தெருவையும் சேத்துத்தான் சாத்தணும்."

மாதிரியில் ஒரு குழாய் என்பது இரண்டு கணுக்களுக்கு நடுவிலான கோடு. களத்தில் மூடக்கூடியது ஒரு குழாய் அல்ல, வால்வுகளுக்கு நடுவில் அகப்படும் ஒரு துண்டம். அதில் ஒரு குழாய் இருக்கலாம், பன்னிரண்டும் இருக்கலாம். எங்கள் 1,412 ஓட்டங்களும் களத்தில் யாராலும் செய்ய முடியாத ஒரு செயலைத்தான் கணக்கிட்டிருந்தன. சில குழாய்களுக்கு இரண்டும் ஒன்றே. பலவற்றுக்கு இல்லை.

வால்வுகள் எந்தக் குழாயில், எந்த முனையில் இருக்கின்றன என்ற பட்டியல் இருந்தால் துண்டங்களைப் பிரித்துவிடலாம். டபிள்யூஎன்டிஆரில் அதற்கென்றே ஒரு செயற்கூறு உள்ளது. வால்வுப் பட்டியலைக் கொடுத்தால் ஒவ்வொரு கணுவும் குழாயும் எந்தத் துண்டத்தைச் சேர்ந்தவை என்று சொல்லிவிடும். எங்களிடம் இல்லாதது அந்தப் பட்டியல்தான். வரைபடத்தில் இருக்கும் வால்வுகள் சில மண்ணுக்கடியில் இல்லை, மண்ணுக்கடியில் இருப்பவை சில வரைபடத்தில் இல்லை. இருப்பவற்றிலும் சில சுற்றினால் சுற்றாது.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் அவரோடு களத்துக்குப் போகிறோம். ஒவ்வொரு வால்வாகப் பெட்டியைத் திறந்து, இருக்கிறதா, சுற்றுகிறதா, எந்தக் குழாயின் எந்த முனை என்று மூன்று கேள்விகளுக்கு விடை குறிக்கிறோம். சுற்றாத வால்வை இல்லாத வால்வாகவே பதிகிறோம். கிழக்கு மண்டலம் முடிந்திருக்கிறது. அந்த மண்டலத்துக்கு மட்டும் ஸ்கிரிப்டின் சுற்று குழாய்களுக்குப் பதில் துண்டங்களின் மேல் ஓடுகிறது. சுற்றின் உள்ளே ஒரு குழாய்க்குப் பதில் குழாய்களின் தொகுப்பு வந்திருக்கிறது, பழைய நிலைகளும் தொகுப்பாகவே சேமிக்கப்பட்டுத் திருப்பி வைக்கப்படுகின்றன. மற்ற வரிகள், தலைகீழ்ச் சோதனையும் பூஜ்ய ஓட்டக் கேள்வியும் உட்பட, அப்படியே இருக்கின்றன. அடுத்த வாரம் மேட்டுப் பகுதியில் தொடங்குகிறோம். அங்கே எந்த வால்வுகள் துருப்பிடித்து நிற்கின்றன என்று அவர் ஏற்கெனவே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.